வண்டு பள்ளியில் சேர்த்த பிள்ளைகள்

1892 வாக்கில் மெக்சிகோ பக்கமிருந்து டெக்சஸுக்குள் ஒரு சிறு கூன்வண்டு நுழைந்தது. பருத்திக் காடு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கிழக்கே நகர்ந்து, 1915இல் ஜார்ஜியாவை எட்டியது. மொட்டிலும் பிஞ்சிலும் துளையிட்டு முட்டை வைக்கும் வண்டு அது. வெடிக்க வேண்டிய காய் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அந்தக் காலத்து ஜார்ஜியாவின் பள்ளிக் கணக்குகளை ரிச்சர்ட் பேக்கர் என்ற பொருளியல் வரலாற்றாய்வாளர் கவுன்டி கவுன்டியாக எடுத்துவைத்துப் பார்த்தார். (கவுன்டி என்பது மாநிலத்துக்குக் கீழே வரும் ஆட்சிப் பிரிவு.) வண்டு புகுந்த இடங்களில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை சுமார் 4 சதவீதம் கூடியிருந்தது. வெள்ளைக் குழந்தைகளின் கணக்கில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

புதுச் சட்டம் எதுவும் வந்துவிடவில்லை. எந்த அதிகாரிக்கும் மனம் மாறவில்லை. பறிக்கப் பருத்தி குறைந்தது; பிள்ளைகளுக்குக் காட்டில் வேலை குறைந்தது; பள்ளிக்கு வந்தார்கள். அவ்வளவுதான். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் சட்டமே தனித்தனிப் பள்ளி வைத்த, அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனப்பிரிவினைக் காலத்துப் பள்ளி வருகைப் பதிவேடுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் காலத்து அதிகாரிகள் அந்த ஏட்டைப் பிள்ளையின் அக்கறையை அளக்கும் கோலாகத்தான் பார்த்தார்கள். அது அளந்தது பருத்தியை, நடைதூரத்தை, ஓடாத பேருந்தை.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகும், விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய முதலாளியின் நிலத்தையே வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதை, ஏர், மாடு, சாப்பாட்டு மாவு எல்லாம் கடனாக வரும்; அறுவடையில் பாதி அவருக்கு; மீதியில் கடன் கழியும்; கணக்கு எழுதும் பேனா அவர் கையில். நம் பக்கத்தில் வாரக் குடியானவர் வீட்டுக் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்கு எத்தனை ஏக்கர் விடுவது என்று தீர்மானிக்கும்போது அந்த வீட்டில் எத்தனை கை இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் கையும் அந்தக் கணக்கில் சேரும்.

பருத்திக்கு ஒரு நாட்காட்டி உண்டு. வசந்தத்தில் விதைப்பு, மே ஜூனில் களைகொத்தும் செடி கலைப்பும், ஜூலை ஆகஸ்டில் செடி தானே காய்க்க விட்டுவைக்கும் ஓய்வு, ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் தாண்டியும் பறிப்பு. கிராமத்துக் கறுப்பினப் பள்ளிகள் இதற்குள் தங்களை மடக்கிக்கொண்டன. பல இடங்களில் ஆண்டைப் பிளந்து, கொளுத்தும் ஜூலை ஆகஸ்டில் சில வாரம் பள்ளி நடத்தி, பறிப்புக்காக மூடி, குளிர் தொடங்கிய பிறகு மறுபடி திறந்தார்கள். மிசிசிப்பி டெல்டாவில் இந்த வழக்கம் 1960கள் வரை தொடர்ந்தது. அதே ஊர் வெள்ளையர் பள்ளி செப்டம்பரில் திறந்து வசந்தம் முடிய நடக்கும். ஆகவே இரண்டு பள்ளிகளின் பதிவேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இவன் 70 நாள் வந்தான், அவன் 150 நாள் வந்தான்' என்று ஒப்பிடுவதற்குமுன், பள்ளி எத்தனை நாள் திறந்திருந்தது என்று கேட்க வேண்டும். மூடிய கதவுக்கு முன்னால் நின்ற பிள்ளையை எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை.

திறந்திருந்த நாட்களிலும் பிள்ளைகள் வராமல் போனதுண்டு. டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் பின்னாளில் பெரிய சமூகவியலாளர். மாணவராக இருந்தபோது 1886, 87 கோடைகளில் டென்னசி மலைப்பகுதியில் ஒரு கிராமப் பள்ளியில் பாடம் நடத்தினார். ஒரு வீட்டுப் பிள்ளைகள் நின்றுவிட்டால் அவர் மேடேறி அந்த வீட்டுக்கு நடந்துபோவார். பயிர் வேலை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, படித்து என்ன ஆகப்போகிறது என்ற பெரியவர்களின் சந்தேகம் என்று காரணங்கள் வரும். பேசிச் சமாதானம் செய்து கூட்டிவருவார், ஒரு வாரம் வருவார்கள், மறுபடி நிற்பார்கள். பதிவேட்டில் ஒரு கட்டம் நிரம்புவதற்குப் பின்னால் இவ்வளவு நடை இருந்திருக்கிறது.

நம் பள்ளிகளில் 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்த யாரும், அந்த ஏடு பிறகு எங்கே போகிறது என்று யோசித்திருக்க மாட்டோம். தென்மாநிலங்களில் அது நேராகப் பணத்திடம் போனது. ஆசிரியர் மாதக் கணக்கைக் கவுன்டி கண்காணிப்பாளரிடம் கொடுப்பார். அவர் கூட்டி மாநிலத்துக்கு அனுப்புவார். அதை வைத்து மாநிலப் பள்ளி நிதி பிரியும். இங்கே மூன்று வேறு எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். முதலாவது, பள்ளி வயதில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் தலைக்கணக்கு. பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் எண்ணப்படுவார்கள். இரண்டாவது சேர்க்கை: ஒரு நாளாவது வந்து பெயர் கொடுத்தவர்கள். மூன்றாவது சராசரி தினசரி வருகை. நாற்பது பேர் சேர்ந்த பள்ளி 100 நாள் நடந்து, ஒவ்வொருவரும் வந்த நாட்களின் கூட்டுத்தொகை 2,400 என்றால் சராசரி 24. அதே பள்ளியைப் பற்றி ஒருவர் 40 என்பார், இன்னொருவர் 24 என்பார், இரண்டும் உண்மை.

எந்த எண்ணை வைத்துப் பணம் பிரித்தாலும் கறுப்பினப் பள்ளிக்கு அடிதான். அடி விழும் வழி மட்டும் மாறும்.

தலைக்கணக்கு முறையை முதலில் எடுத்துக்கொள்வோம். மிசிசிப்பியில் 5 வயதுக்கு மேல் 21க்குள் இருப்பவர்களை எல்லாம் 'படிக்கத் தகுந்த பிள்ளைகள்' என்று குடும்பம் குடும்பமாகப் பட்டியலிட்டார்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, இனம். இரண்டு இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்தே எண்ணி, அந்தத் தொகைக்கேற்ப மாநிலப் பணம் கவுன்டிக்கு வரும். வந்த பிறகு உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது உள்ளூர் அதிகாரிகள் பாடு. அலபாமாவில் 1891இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்: உள்ளூர் அறங்காவலர்கள் தங்களுக்கு நியாயமென்று படும்படி நிதியைப் பங்கிடலாம் என்று. நியாயம் யாருக்கு எப்படிப் பட்டது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெருந்தோட்டப் பகுதிகளில் கறுப்பினத்தவர் மிகப் பெரும்பான்மை. வெள்ளைக் குழந்தைகள் கொஞ்சம். தலை எண்ணும்போது கறுப்புத் தலைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து பணத்தை இழுத்துவரும். செலவழிக்கும்போது அது அந்தக் கொஞ்சம் வெள்ளைக் குழந்தைகளின் பள்ளியில் போய் இறங்கும். வெள்ளையர் மிகுந்த மலைக் கவுன்டிகளே இதைப் பார்த்துப் பொருமின. தங்களுக்கு இழுத்துவரக் கறுப்புத் தலைகள் போதவில்லையே என்பது அவர்கள் குறை.

சராசரி வருகை முறை பார்வைக்கு நேர்மையானது. வருகிற பிள்ளைக்குத்தானே பணம்? ஆனால் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதும் பள்ளியை மூடுவதும் யாருடைய ஏற்பாடு என்று பார்த்தால் அந்த நேர்மை நிற்காது. வருகை குறைந்தால் பணம் குறையும். பணம் குறைந்தால் ஓர் ஆசிரியை, ஓர் அறை, எழுபது பிள்ளைகள். அல்லது பள்ளியை மூடி இன்னும் தூரத்துப் பள்ளியோடு இணைப்பு. தூரம் கூடினால் வருகை மறுபடி குறையும். அந்த எண்ணைக் காட்டி, 'கட்டிக் கொடுத்தாலும் வரமாட்டார்கள்' என்பார்கள்.

தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுன்டி இதற்கெல்லாம் ஒரு முழுச் சித்திரம். 1949–50 கல்வியாண்டில் அங்கே கறுப்பினப் பள்ளிகள் 61. மாணவர்கள் 6,531 பேர். அந்த 61 கட்டடங்களின் மொத்த மதிப்பு 1,94,575 டாலர். வெள்ளையர் பள்ளிகள் 12. மாணவர்கள் 2,375 பேர். மதிப்பு 6,73,850 டாலர். வகுத்துப் பாருங்கள். ஒரு கறுப்பினப் பிள்ளையின் தலைக்குச் சுமார் 30 டாலர் கட்டடம், ஒரு வெள்ளைப் பிள்ளைக்குச் சுமார் 284 டாலர் கட்டடம். ஆண்டுச் செலவில் வெள்ளைப் பிள்ளைக்கு 179 டாலர், கறுப்பினப் பிள்ளைக்கு 43. வெள்ளையர் பள்ளிகளுக்கு 30 பேருந்துகள் ஓடின. மற்றவர்களுக்கு ஒன்றுகூட இல்லை.

பேருந்தில்தான் வழக்கே தொடங்கியது. ஜோசப் டிலேன் என்ற பாதிரியார் ஊக்கம் கொடுக்க, லீவை பியர்சன் என்ற விவசாயி 1947இல் பேருந்து கேட்டு மனுக் கொடுத்தார். அவருடைய நிலம் இரண்டு பள்ளி மாவட்டங்களின் எல்லையில் கிடந்தது. எந்த மாவட்டத்தில் அவர் வரி கட்டுகிறார் என்ற சிக்கலைக் கிளப்பி மறு ஆண்டு வழக்கைத் தள்ளினார்கள். பிறகு ஒருவருக்குப் பதில் பலர் கையெழுத்திட்டார்கள். பேருந்து மட்டும் கேட்டது போய் எல்லாமே சமமாக வேண்டும் என்றார்கள். பிறகு பிரிவினையே கூடாது என்றார்கள். இப்படி வளர்ந்த 'பிரிக்ஸ் எதிர் எலியட்' வழக்கும், கன்சாஸின் பிரவுன் வழக்கும், வேறு சிலவும் சேர்ந்துதான் 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினையைச் செல்லாது என்றது. 1896 முதல் நாட்டை ஆண்ட 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாடு பள்ளி வாசலில் முடிந்தது. தாளில் முடிந்தது என்று திருத்திக்கொள்கிறேன்.

'அவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல இரண்டு ஆவணத் தொகுதிகள் போதும். ஒன்று, போர் முடிந்த கையோடு கூட்டாட்சி அரசு நடத்திய விடுதலை பெற்றோர் நல அலுவலகத்தின் மாதாந்திரப் பள்ளி அறிக்கைகள், 1865 முதல் 1870 வரையிலானவை. அந்த அச்சிட்ட படிவத்தில் கேட்ட கேள்விகளே ஒரு வரலாறு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், சராசரி வருகை என்ன, ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவர் எத்தனை, எப்போதும் நேரத்துக்கு வந்தவர் எத்தனை, எழுத்துக் கூட்டும் நிலையில் எத்தனை பேர், போருக்கு முன்பே சுதந்திரமாக இருந்தவர் எத்தனை, 16 வயதைத் தாண்டியவர் எத்தனை? கடைசிக் கேள்வியின் கட்டம் காலியாக இருக்காது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே பல மாநிலங்களில் குற்றமாக இருந்த காலத்தைத் தாண்டி வந்தவர்கள், பகலில் வேலை பார்த்துவிட்டு இரவுப் பள்ளியில் பேரப்பிள்ளை வயதுக்காரர்களோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள்.

இன்னொன்று ரோசன்வால்ட் பள்ளிகளின் கணக்குப் புத்தகம். சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் யோசனைப்படி 1912 முதல் தெற்கின் கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட உதவினார். 1932 வரை 15 மாநிலங்களில் கிட்டத்தட்ட 5,000 பள்ளிகள். சூரிய வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதுவரை வரைபடத்தில் தீர்மானித்தார்கள். பள்ளியைக் குறைந்தது ஐந்து மாதமாவது நடத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அப்படி ஒரு நிபந்தனை தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்கிறது. பெயர் ரோசன்வால்டுடையது. பணம்? அவருடைய நிதி தந்தது 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தாங்களாகத் திரட்டியது 47 லட்சம் டாலர். கோழி விற்று, ஒரு மூலை நிலத்துப் பருத்தியைப் பள்ளிக்கென்று ஒதுக்கி, மரம் வெட்டி, கூலி வாங்காமல் ஆணி அடித்துச் சேர்த்த பணம் அது. பள்ளிக்கு வரியும் கட்டிவிட்டு, அந்த வரியில் பங்கு கிடைக்காததால் இன்னொரு முறை கட்டினார்கள். இத்தனைக்குப் பிறகும் அக்டோபர் பக்கத்தில் பிள்ளை 'வரவில்லை' என்றிருந்தால், குறை வீட்டில் இல்லை என்பது புரிந்துவிடும்.

பதிவேட்டில் இனம் குறிக்கும் இடம் ஒன்று இருந்ததே, அதன் கதை தனி. வெள்ளையர், 'நிறத்தவர்' என்று இரண்டே பெட்டிகள். உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்று நம்பினால் சிக்கலில்லை. 1924இல் மிசிசிப்பியின் ரோஸ்டேலில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பெண் மார்த்தா லம், ஒன்பது வயது. பள்ளி திறந்த அன்று காலை போய் வகுப்பில் உட்கார்ந்தாள். மதிய இடைவேளையில் கண்காணிப்பாளர் வந்து இனி வர வேண்டாம் என்றார். அவள் சீன வம்சம், வெள்ளையினம் இல்லை என்பது மட்டுமே காரணம். அரைநாள் வருகை. தகப்பனார் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1927இல் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில், அவளை நிறத்தவர் பக்கம் சேர்க்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றார்கள். வழக்கைக் கவனித்தால் ஒரு சங்கடம் தெரியும். பிரிவினை தவறு என்று அந்தக் குடும்பம் வாதாடவில்லை; எங்களைத் தப்பான பெட்டியில் போட்டுவிட்டார்கள் என்றுதான் வாதாடியது. பெட்டியை யாரும் கேள்வி கேட்கத் துணியாத காலம்.

வர்ஜீனியாவில் இது வேட்டையாகவே நடந்தது. பிறப்பு இறப்புப் பதிவாளராக 1912 முதல் 1946 வரை இருந்த வால்டர் பிளெக்கர், 1924ஆம் ஆண்டின் இனத்தூய்மைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்மையில் கறுப்பினத்தவரே என்று தீர்மானித்தார். 1943இல் கவுன்டிவாரியாகக் குடும்பப் பெயர்களைப் பட்டியலிட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். இந்தக் குடும்பப் பெயருள்ள பிள்ளை வெள்ளையர் பள்ளியில் இருந்தால் வெளியேற்றுங்கள் என்று பள்ளிக் கண்காணிப்பாளர்களுக்கும் கடிதம் போகும். பதிவேட்டில் ஒரு பெயர் நடு ஆண்டில் நின்றுபோனால் காய்ச்சலாகவும் இருக்கலாம், ஊர் மாறியதாகவும் இருக்கலாம், பிளெக்கரின் கடிதமாகவும் இருக்கலாம்.

இனம் குறித்த அதே எழுத்துகள் பிறகு எதிர்ப்பக்கம் சாட்சி சொன்னதுதான் வேடிக்கை. பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுன்டி, 'யாரும் எந்தப் பள்ளியிலும் சேரலாம், எங்களிடம் பிரிவினையே இல்லை' என்றது. 1968இல் உச்ச நீதிமன்றம் எண்ணைப் பார்த்தது. அங்கே இரண்டே பள்ளிகள். சுமார் 740 கறுப்பின மாணவர்கள், 550 வெள்ளை மாணவர்கள். மூன்று ஆண்டு 'விருப்பத் தேர்வு'க்குப் பிறகு வெள்ளையர் பள்ளிக்கு மாறியிருந்த கறுப்பினப் பிள்ளைகள் 115 பேர். வாட்கின்ஸ் என்ற கறுப்பினப் பள்ளியில் சேர்ந்த வெள்ளைப் பிள்ளை ஒருவருமில்லை. கறுப்பின மாணவர்களில் 85 சதவீதம் பேர் இன்னும் அங்கேயே. 21 பேருந்துகளில் 11 ஒரு பள்ளிக்கு, 10 மற்றதுக்கு. ஒரே சாலையில் இரண்டும் குறுக்கும் மறுக்குமாக ஓடின. விருப்பம் என்ற சொல்லை இந்த எண்கள் தின்றுவிட்டன. 1964 குடிமை உரிமைச் சட்டத்துக்குப் பிறகு கூட்டாட்சி அரசும் பள்ளிகளிடம் இனவாரிக் கணக்கு கேட்டு வாங்கத் தொடங்கியிருந்தது. பிரிப்பதற்கென்று தொடங்கிய எண்ணிக்கையை, பிரிக்கிறார்களா என்று பார்க்கத் தொடர வேண்டியிருந்தது. 'இனமே எழுதாதீர்கள்' என்று சொல்பவர்களுக்கு அன்றும் இன்றும் நான் காட்டுவது நியூ கென்டைத்தான்.

இந்த ஏடுகளில் எத்தனை மிஞ்சின என்றால், மிகக் குறைவு. 1960களின் கடைசியில் நீதிமன்ற நெருக்கடியால் பள்ளிகள் ஒன்றாக இணைந்தபோது பெரும்பாலும் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். ஏற்கெனவே 1954க்கும் 1965க்கும் நடுவே 17 மாநிலங்களில் 38,000க்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு உண்டு. அவர்களோடு கோப்பைகள், குழுப் படங்கள், பதிவேடுகள் எல்லாம் குப்பைக்கும் நிலவறைக்கும் போயின. தப்பியவை சில ஆசிரியைகளின் வீட்டு மரப்பெட்டிகளிலும் மாநில ஆவணக் காப்பகங்களிலும் கிடக்கின்றன.

தப்பியதற்கு மதிப்பு அதிகம். 1890 மக்கள்தொகைக் கணக்கின் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பாலும் நாசமாயின. 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டு இருட்டு. அடிமையாகப் பிறந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்த ஆண்டுகள் அவை. அந்த இருட்டில் ஒரு குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்று காட்ட, மிசிசிப்பியின் படிக்கத் தகுந்த பிள்ளைகள் பட்டியல் போன்றவைதான் கைகொடுக்கின்றன. வெள்ளையர் பள்ளிக்குப் பணம் இழுக்க எண்ணிய தலைகள், நூறாண்டு கழித்துக் கொள்ளுப் பேத்தி தன் பாட்டியைத் தேடும்போது கிடைக்கின்றன. விடுதலை பெற்றோர் அலுவலக ஆவணங்களையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் உட்கார்ந்து படித்து, 2016 வாக்கில் சுமார் 18 லட்சம் பெயர்களைத் தேடத்தக்க அட்டவணையாக்கினார்கள்.

உயிரோடு இருந்தவர்களுக்கும் இவை சோறு போட்டன. பிறப்புப் பதிவு தெற்கில் தாமதமாக வந்தது. நாட்டின் பிறப்புப் பதிவு வட்டத்துக்குள் கடைசி மாநிலமாக டெக்சஸ் வந்ததே 1933இல்தான். மருத்துவச்சி கையில் பிறந்த ஏழைப் பிள்ளைக்குச் சான்றிதழ் ஏது? 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து முதியோருக்கு ஓய்வூதியம் என்றானபோது வயதுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. குடும்ப பைபிளின் முதல் பக்கம், ஞானஸ்நானக் குறிப்பு, பள்ளிப் பதிவேடு. ஆசிரியை குத்துமதிப்பாக எழுதிய வயது பிற்பாடு சட்டப்படியான வயதாகிவிடும். அதனால்தான் இந்த ஏடுகளில் ஒரே பிள்ளை அடுத்தடுத்த ஆண்டுகளில் 9, 9, 12 என்று வளர்வதைப் பார்த்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடிவதில்லை. பெயரிலும் அதே கதைதான். காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அடுத்த ஆண்டு வேறு ஆசிரியை, வேறு எழுத்து.

இதையெல்லாம் இணையத்தில் கொட்டிவிடலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. 1940களின் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களில் பலர் இன்று தொண்ணூறை ஒட்டிய வயதில் உயிரோடு இருக்கிறார்கள். மாணவர் பதிவுகளைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1974இல் வந்தது. காப்பகங்கள் பொதுவாகப் பல பத்தாண்டுகள் கடந்த ஏடுகளையே திறக்கின்றன. நோய், நடத்தை, மதிப்பெண் எல்லாம் ஓரக் குறிப்பாக எழுதியிருக்கும் ஏடு அது. சம்பந்தப்பட்டவர் கண்ணை மூடும்வரை பொறுப்பதில் வரலாற்றுக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

கட்டாய வருகைச் சட்டம் என்று ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று என்று கேட்கலாம். மாசசூசெட்ஸ் 1852இலேயே போட்ட சட்டத்தைக் கடைசியாக 1918இல் போட்டது மிசிசிப்பி. கறுப்பினப் பிள்ளை பருத்திக் காட்டில் நிற்பதைப் பார்த்து அந்தச் சட்டம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. ஆனால் பிரவுன் தீர்ப்பு வந்ததும் அதே சட்டம் தொல்லையாகிவிட்டது. கலந்து படிக்கும் பள்ளிக்கு வெள்ளைப் பிள்ளையைப் போகச் சொல்லி அரசே கட்டாயப்படுத்துவதாகிவிடுமே! தென் கரோலினா 1955இலும், மிசிசிப்பி 1956இலும், வர்ஜீனியா 1959இலும் கட்டாய வருகையை நீக்கின. பல பத்தாண்டுகளாக 'வருவதில்லை' என்று கறுப்பினக் குடும்பங்களைக் குறைசொன்ன மாநிலங்கள், வராமலிருக்கும் உரிமையைச் சட்டமாக்கின.

அதற்கும் அடுத்த படி, பள்ளியையே மூடுவது. ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் 1958–59 முழுக்க உயர்நிலைப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. 3,665 மாணவர்களுக்குப் பள்ளி இல்லை. ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் மட்டும் தினமும் வந்து காலி வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி இன்னும் துணிந்தது. அங்கே மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கென்று கட்டியது. 1950 வாக்கில் 450 பேர். மிஞ்சியவர்களுக்குத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி மொத்தப் பள்ளியையும் வெளிநடப்புச் செய்ய வைத்தாள். அந்தப் போராட்டமும் வழக்காகிப் பிரவுன் தீர்ப்பில் போய்ச் சேர்ந்தது. எட்டு ஆண்டு இழுத்தடித்த பிறகு, இனியும் தப்ப முடியாது என்றானபோது, 1959இல் கவுன்டி நிர்வாகம் பள்ளிக்கென்று ஒரு காசுகூட ஒதுக்க மறுத்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. சிலரை உறவினர் வீட்டுக்கும் வெளிமாநிலத்துக்கும் அனுப்பினார்கள், சிலருக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கொஞ்சம் எழுத்து, பலருக்கு அதுவுமில்லை. நான்கு கல்வியாண்டுகள், எடுக்கப்படாத வருகை.

1963 செப்டம்பரில், கூட்டாட்சி அரசின் முயற்சியோடும் தனியார் நன்கொடையோடும் 'இலவசப் பள்ளிகள்' என்ற பெயரில் ஓராண்டு ஏற்பாடாக அங்கே மறுபடி கதவு திறந்தது. 1,500க்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். 1959இல் முதல் வகுப்பில் சேர வேண்டியவர்கள் பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்குள் நுழைந்தார்கள். பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. பொறுப்பேற்ற கண்காணிப்பாளர் நீல் சல்லிவன் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற அடுக்கையே எடுத்துவிட்டு, யாருக்கு எது தெரியுமோ அதை வைத்துக் குழுக்களாக உட்காரவைத்தார். பெயர் கேட்டு எழுதினார்கள், வயது கேட்டு எழுதினார்கள். எந்த வகுப்பு என்று கேட்கவில்லை.